ஜிடிஎக்ஸ் 1650-ஐ மாற்றலாமா? கையில் இருப்பது 20,000 ரூபாய்

பல்லடத்தான்:

வணக்கம் நண்பர்களே. தீபாவளி போனஸில் கடன், துணிமணி, அம்மாவின் மருந்து எல்லாம் போக 20,000 ரூபாயைத் தொடாமல் வைத்திருக்கிறேன். அதைக் கிராபிக்ஸ் கார்டுக்குப் போடலாமா, இல்லை இன்னும் ஒரு வருடம் இருப்பதை வைத்தே ஓட்டலாமா? பத்து நாளாக வீடியோ பார்த்துப் பார்த்துக் குழம்பிவிட்டேன். ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

2020 கடைசியில், சீட்டு எடுத்த பணத்தில் இந்தக் கம்ப்யூட்டரை வாங்கினேன். ரைசன் 5 3600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி), 22 அங்குல 1080பி மானிட்டர், 75 ஹெர்ட்ஸ். கடையிலேயே அசெம்பிள் செய்து கொடுத்தார்கள். அதன்பிறகு நான் கேபினெட்டைத் திறந்து தூசி தட்டியதோடு சரி.

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வீடு திரும்ப ஒன்பதரை ஆகிவிடும். பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரைதான் எனக்கு என்று கிடைக்கும் நேரம். ஷிப்மெண்ட் வாரத்தில் அதுவும் கிடையாது. அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஆட்டம் திக்கித் திக்கி ஓடினால் உண்மையிலேயே மனசு சோர்ந்துவிடுகிறது.

பிரச்சினை இரண்டு ஆட்டங்களில். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இல் மீடியம் செட்டிங்ஸில் விநாடிக்கு 40, 45 ஃப்ரேம் வருகிறது. காட்டுக்குள் பரவாயில்லை. குதிரையோடு செயின்ட் டெனிஸ் நகரத்துக்குள் நுழைந்தால் அரை விநாடி, ஒரு விநாடி அப்படியே நின்று நின்று போகிறது. வேலரன்டில் வழக்கமாக 130 வரும். நாலைந்து பேர் ஒரே இடத்தில் சுட ஆரம்பித்தால் 60-க்குக் கீழே விழுகிறது.

நான் பார்த்து வைத்திருக்கும் கார்டுகள் இவை. ஆர்எக்ஸ் 580 8 ஜிபி, ஆன்லைனில் ‘புதுசு’ என்று 8,500-க்கு. பழைய ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி 8,000. பழைய ஆர்எக்ஸ் 6600, பில் இல்லை, கோவையில் ஒருவர் 13,000 கேட்கிறார். பழைய ஆர்டிஎக்ஸ் 3060, பில்லோடு 17,500. புது ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி கிட்டத்தட்ட 17,000, மூன்று வருட வாரண்டி. எதை வாங்கலாம்?

இரவாட்டம்:

ஆர்எக்ஸ் 6600. நானும் இதே 3600, இதே மாதிரி பி450 போர்டு வைத்துக்கொண்டு இரண்டு வருடமாக அதில்தான் ஆடுகிறேன். 1080பி மானிட்டருக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. 8 ஜிபி நினைவகம், 132 வாட்தான் குடிக்கும், எட்டு முனை கேபிள் ஒன்று போதும்.

6500 எக்ஸ்டியைத் தயவுசெய்து தொடாதீர்கள். அது மதர்போர்டோடு நான்கு பாதைகளில்தான் பேசுகிறது. பிசிஐஇ (கார்டையும் போர்டையும் இணைக்கும் வழி) 4.0 போர்டில் சமாளிக்கும். உங்கள் பி450-இல் இருப்பது 3.0. வேகம் பாதியாகிவிடும். போதாததற்கு அதுவும் 4 ஜிபி கார்டு. இப்போது இருக்கும் திக்கல் அப்படியே இருக்கும், பணம்தான் போயிருக்கும். 6600-க்கு எட்டுப் பாதை. 3.0 போர்டில் எனக்குப் பெரிய இழப்பு எதுவும் தெரியவில்லை.

பழுதுமேசை:

தம்பி, கார்டு வாங்குவதை ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். திருச்சியில் 14 வருடமாகக் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறேன். “கார்டு பத்தவில்லை அண்ணா” என்று வருகிறவர்களில் பலருக்குக் குறை வேறு எங்கோ இருக்கும். நீங்கள் எழுதியதைப் படித்தால் உங்களுக்கு இருப்பது ஒரு நோய் இல்லை, இரண்டு நோய் என்று தோன்றுகிறது. வேலரன்ட் கார்டைப் பெரிதாகக் கசக்கும் ஆட்டமே இல்லை. அது பிராசசரையும் ராமையும்தான் கேட்கும். அது 60-க்குக் கீழே விழுகிறது என்றால் 1650 மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு, ஆடும்போது திரை மூலையில் நான்கு எண்கள் தெரியும்படி வையுங்கள்: கார்டு எத்தனை சதவீதம் உழைக்கிறது, கார்டின் நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது, பிராசசரின் ஒவ்வொரு கோரும் எவ்வளவு, ஃப்ரேம் எவ்வளவு. கார்டு 97, 98-இல் நின்றால் கார்டுதான் தடை. கார்டு 60-இல் சும்மா இருக்க ஃப்ரேம் விழுந்தால் தடை வேறு இடத்தில். சந்தேகமாக இருந்தால் அதே இடத்தில் ரெசல்யூஷனை 720பி-க்கு இறக்கிப் பாருங்கள். அப்போதும் ஃப்ரேம் ஏறாவிட்டால் எந்தக் கார்டு போட்டாலும் ஏறாது.

அப்புறம், சிபியு-இஸட் என்ற மென்பொருளைத் திறந்து மெமரி பக்கத்தைப் பாருங்கள். ராம் சிங்கிள் சேனலா (ஒரே வழியில் ஓடுகிறதா), டூயலா (இரண்டு வழியிலா)? அதிர்வெண் எவ்வளவு? அங்கே காட்டுவது பாதி எண். 3200 ராம் என்றால் 1600 என்று காட்ட வேண்டும். கேபினெட்டைத் திறந்து ராம் எந்தெந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று ஒரு போட்டோவும் எடுங்கள். அப்படியே எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்பதற்கு நேராக எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் 450-ஐ நம்பாதீர்கள். அந்த ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் வருவதுதான் கார்டுக்கும் பிராசசருக்கும் கிடைக்கிற வாட்.

8,500 ரூபாய் ஆர்எக்ஸ் 580 பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கார்டு 2017-இல் வந்தது. இன்று அதைப் ‘புதுசு’ என்று விற்றால், பெரும்பாலும் பழைய சிப்பை எடுத்து வேறு பலகையில் ஒட்டியதாக இருக்கும். அதிலும் பல, 2048 எஸ்பி (கணக்கிடும் சிறு அலகுகள்) என்ற வகை. அசல் 580-இல் 2304 உண்டு. இது பெயரளவில் 580, வேலையில் 570. 185 வாட் வேறு இழுக்கும். வேண்டாம்.

பல்லடத்தான்:

அண்ணா, ரொம்ப நன்றிங்க. சொன்னபடி எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். முதலில் ராம். சிபியு-இஸட்டில் சிங்கிள் சேனல், 1200. திறந்து பார்த்தால் இரண்டு ராமும் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் இருக்கின்றன. ஐந்து வருடமாக இப்படித்தான் ஓடியிருக்கிறது! 3200 ராமுக்குப் பணம் கொடுத்துவிட்டு 2400-இல், அதுவும் ஒற்றை வழியில். அசெம்பிள் செய்தவர் அன்று அவசரத்தில் இருந்தாரோ என்னவோ. எனக்கு வயிறு எரிந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

மதர்போர்டு புத்தகத்தைத் தேடி எடுத்து, பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுக்கு மாற்றினேன். பயாஸில் (போர்டின் அடிப்படை அமைப்புப் பக்கம்) எக்ஸ்எம்பியை, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை, ஆன் செய்தேன். இப்போது டூயல், 1600. வேலரன்ட் 130-இலிருந்து 175-க்குப் போய்விட்டது. அடிமட்டம்தான் முக்கியம்: 55 வரை விழுந்த இடத்தில் இப்போது 105-க்குக் கீழே இறங்கவில்லை. ஒரு பைசா செலவில்லை.

ஆனால் ரெட் டெட்டில் பெரிய மாற்றம் இல்லை. கார்டு 98, 99-லேயே நிற்கிறது. நினைவகம் 3.8 ஜிபி வரை நிரம்பிவிடுகிறது. செயின்ட் டெனிஸில் திக்கும் அந்த நொடியில் மட்டும் கார்டின் உழைப்பு திடீரென்று கீழே விழுந்து மறுபடி ஏறுகிறது. அது ஏன் என்று புரியவில்லை.

எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 12 வோல்ட், 18 ஆம்பியர். பெருக்கினால் 216 வாட். கிராபிக்ஸ் கார்டுக்கு என்று தனிக் கேபிள் எதுவும் அதில் இல்லை. 1650-க்கு 75 வாட் போதும் என்பதால் ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு இத்தனை நாள் ஓடியிருக்கிறது. வீட்டில் இருப்பது 600 விஏ யுபிஎஸ்.

இன்னொன்று சொல்ல விட்டுப் போயிற்று. பகலில் இந்த மெஷின் தம்பியிடம் இருக்கும். கோவையில் விஸ்காம் இரண்டாம் வருடம் படிக்கிறான், பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ஏதோ செய்கிறான். வருடக் கடைசிக்கு 20 விநாடி அனிமேஷன் ஒன்று கொடுக்க வேண்டுமாம். ஒரு ஃப்ரேம் ரெண்டர் ஆக (கணக்கிட்டுப் படமாக வர) 4 நிமிடம் 40 விநாடி ஆகிறது என்று புலம்புகிறான்.

நிழல்வரைவி:

கடைசியாகச் சொன்னதை நீங்கள் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அதுதான் இங்கே விடையை மாற்றுகிறது.

20 விநாடி என்றால், விநாடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் 480 ஃப்ரேம். ஒவ்வொன்றுக்கும் 280 விநாடி. பெருக்கிப் பாருங்கள், 37 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அதுவும் ஒருமுறை ரெண்டர் செய்ய. நிழல் சரியில்லை, கேமரா கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம் என்று ஆசிரியர் சொன்னால் மறுபடி 37 மணி நேரம். நடுவில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் வந்தால் அன்றைக்கு ஒன்றும் ஓடாது. நான் படிக்கும்போது இதை அனுபவித்திருக்கிறேன். நிறுத்தி நிறுத்தி, மூன்று நாள் யாரையும் கம்ப்யூட்டரைத் தொடவிடாமல் காவல் காத்தேன்.

பிளெண்டரின் சைக்கிள்ஸில் (ரெண்டர் செய்யும் பகுதி) காட்சி முழுவதும் கார்டின் நினைவகத்துக்குள் அடங்கினால்தான் வேகம். 4 ஜிபி என்பது இரண்டு நல்ல மரமும் ஒரு தெருவும் வைத்தால் நிரம்பிவிடும். ஆர்டிஎக்ஸ் கார்டுகளில் ஒளிக்கற்றையைக் கணக்கிடுவதற்கென்றே தனிப் பகுதி உண்டு. பிளெண்டரில் ஆப்டிக்ஸ் என்று தேர்ந்தெடுத்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். ஆர்எக்ஸ் 6600-உம் பிளெண்டரில் ஓடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த வேலைக்கு 3060 தெளிவாக முந்தும், 12 ஜிபி நினைவகமும் இருக்கிறது. ஆட்டத்துக்கு மட்டும் என்றால் நானும் 6600 என்றுதான் சொல்லியிருப்பேன். தம்பியின் படிப்பையும் சேர்த்தால் 3060 12 ஜிபி.

வாங்கும்போது அந்த ‘12’ இருக்கிறதா என்று பாருங்கள். பின்னாளில் 3060 பெயரிலேயே 8 ஜிபி கார்டும் வந்தது. அதில் நினைவகத்தின் பாதையும் குறுகல்: 192 பிட்டுக்குப் பதில் 128. ஜிபியு-இஸட் என்ற மென்பொருளில் இரண்டும் தெரியும்.

இரவாட்டம்:

தம்பி படிப்புக்கு என்றால் நான் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் பணக் கணக்கை மறக்காதீர்கள். 6600 13,000. 3060 17,500, 170 வாட், என்விடியா அதற்குச் சொல்லும் எஸ்எம்பிஎஸ் 550 வாட். ஆட்டத்தில் மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இல்லை. அந்த 4,500 ரூபாய் பிளெண்டருக்காக மட்டும் கொடுப்பது என்று தெரிந்தே கொடுங்கள்.

பழுதுமேசை:

ராம் விஷயத்தில் ரொம்ப சந்தோஷம். ரைசனில் ராமின் வேகத்தோடு சிப்புக்குள் இருக்கும் இணைப்பின் வேகமும் சேர்ந்தே ஏறும், அதனால்தான் இவ்வளவு வித்தியாசம்.

செயின்ட் டெனிஸ் கேள்விக்கு வருகிறேன். கார்டின் 4 ஜிபி நிரம்பிவிட்டால் மீதிப் படங்கள் ராமில் போய் உட்காரும். 1650 தன் சொந்த நினைவகத்திலிருந்து விநாடிக்கு 128 ஜிபி வேகத்தில் எடுக்கும். ராமிலிருந்து வர வேண்டுமானால் பிசிஐஇ வழியாகத்தான், அது விநாடிக்கு 16 ஜிபி கூட முழுதாக வராது. நகரத்துக்குள் நுழைந்ததும் கடை, கூட்டம், வண்டி என்று ஒரே நேரத்தில் எல்லாம் தேவைப்படுகிறது. வந்து சேரும்வரை கார்டு கை கட்டிக் காத்திருக்கிறது. நீங்கள் பார்த்த அந்த இறக்கம் அதுதான். டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படங்களின் தரம்) ஒரு படி குறைத்துப் பாருங்கள், திக்கல் பாதியாகும். இது நிஜமாகவே கார்டின் குறை. ஆகவே கார்டு மாற்றலாம் என்று இப்போது நான் மனதாரச் சொல்வேன்.

3050 6 ஜிபியை யாரும் பேசவில்லை, நான் பேசிவிடுகிறேன். வேகத்தில் அது 3060-க்குப் பக்கத்தில் வராது. 3050 8 ஜிபியை விடவே குறைவு, பெயர் மட்டும் ஒன்று. ஆனால் 70 வாட், கேபிள் வேண்டாம், எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டாம், பில் உண்டு. பழைய பொருள் வாங்கப் பயமாக இருந்தால் அதை வாங்கியவரை நான் குறை சொல்லமாட்டேன்.

பழைய 3060 என்றால் நேரில் போய், அவர் கம்ப்யூட்டரிலேயே ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்காகக் கார்டுகளை ஓட்டும் மைனிங் நின்றதும் மூட்டை மூட்டையாகக் கார்டுகள் சந்தைக்கு வந்தன. அவை இன்னும் கை மாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடிய கார்டு என்றாலே குப்பை இல்லை. சிப் தாங்கும். ஃபேனும் தெர்மல் பேடும்தான் தேய்ந்திருக்கும். கார்டை முழுதாக உழைக்க வைக்கும் ஃபர்மார்க்கை 15 நிமிடம் ஓட விடுங்கள். ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற மென்பொருளில் கார்டின் வெப்பத்தையும் ஹாட்ஸ்பாட் (சிப்பின் மிகச் சூடான இடம்) வெப்பத்தையும் பாருங்கள். இரண்டுக்கும் 25 டிகிரிக்கு மேல் இடைவெளி இருந்தால் உள்ளே வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்திருக்கிறது. ஃபேனில் கரகரப்பு இருக்கிறதா என்று காது வைத்துக் கேளுங்கள். திரையில் புள்ளியோ கோடோ ஒன்று வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஹெச்டிஎம்ஐ, டிஸ்பிளே போர்ட் எல்லாத் துளைகளிலும் செருகிப் பாருங்கள். பில்லில் இருக்கும் சீரியல் எண்ணும் கார்டில் இருப்பதும் ஒன்றா என்பதும் முக்கியம்.

அந்த 216 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 3060-ஐ மாட்டவே மாட்டாதீர்கள். மோலக்ஸ் என்ற பழைய நான்கு முனை கேபிளிலிருந்து எட்டு முனைக்கு மாற்றுகிற கன்வெர்ட்டர் 150 ரூபாய்க்குக் கிடைக்கும், கடையில் கொடுப்பார்கள். கருகிப்போன கனெக்டர்களை நான் என் மேசையில் பார்த்திருக்கிறேன். 550 வாட் பிரான்ஸ் தர எஸ்எம்பிஎஸ் ஒன்று புதிதாக வாங்குங்கள், இதை மட்டும் பழையது வாங்க வேண்டாம். 600 விஏ யுபிஎஸ் 360 வாட்தான் தரும். ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் வரம்பு) 80 சதவீதத்தில் வைத்துவிடுங்கள். சில ஃப்ரேம்தான் குறையும், யுபிஎஸ் கத்தாது.

பல்லடத்தான்:

நேற்று ஞாயிற்றுக்கிழமை தம்பியையும் கூட்டிக்கொண்டு கோவை போய் வந்தேன். முதலில் பார்த்த 3060-க்கு 16,000தான் கேட்டார். “டெஸ்க்டாப் வருதுல்ல, இதுக்கு மேல என்ன டெஸ்ட்” என்று ஃபர்மார்க் போடவே விடவில்லை. பழுதுமேசை அண்ணா சொன்னது நினைவில் இருந்ததால் வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டோம். தம்பிக்கு முகம் தொங்கிவிட்டது.

இரண்டாவது, நான் முதலில் எழுதிய 17,500 ரூபாய்க் கார்டு. அவர் ஒரு கட்டட வரைபட அலுவலகத்தில் வேலை செய்கிறவர், பெரிய கார்டுக்கு மாறுகிறார். அவரே டீ போட்டுக் கொடுத்து, அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள் என்றார். 12 ஜிபி, 192 பிட், சரியாக இருந்தது. கார்டு 71 டிகிரி, ஹாட்ஸ்பாட் 84. சீரியல் எண்ணும் ஒத்துப்போயிற்று. பேசி 16,500-க்கு முடித்தோம். வரும் வழியில் 550 வாட் எஸ்எம்பிஎஸ் 4,000. மொத்தம் 20,500. அந்த 500 தம்பி தன் சேமிப்பிலிருந்து கொடுத்தான், நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

ராத்திரி மாட்டி, பழைய டிரைவரை நீக்கிப் புதிதாகப் போட்டு, பவர் லிமிட் 80-இல் வைத்தேன். முதலில் அவனுடைய ஃப்ரேமைத்தான் ஓட்டினோம். 51 விநாடி. நம்பாமல் மறுபடி ஓட்டினான், 51. நிழல்வரைவி அக்கா, உங்கள் கணக்குப்படி 480 ஃப்ரேமுக்கு ஏழு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் காலையில் தயாராக இருக்கும். அதாவது என் ஒன்றரை மணி நேரம் முடிந்ததும் மெஷின் அவனுக்கு, அப்படி உடன்படிக்கை போட்டிருக்கிறோம்.

செயின்ட் டெனிஸ் பன்னிரண்டு மணிக்கு மேல் போனேன். டெக்ஸ்சர் அல்ட்ரா, மீதி ஹை. டிராம் வண்டி ஓடும் தெருவில் குதிரையை விரட்டினேன், 58-க்குக் கீழே போகவில்லை. அந்த நகரத்தில் எரிவாயு விளக்குகளின் வெளிச்சம் ஈரத் தரையில் விழுவதை இத்தனை நாள் நான் சரியாகப் பார்த்ததே இல்லை. யுபிஎஸ் ஒரு தடவைகூடக் கத்தவில்லை.

இரவாட்டம் நண்பரே, தெரிந்தேதான் கொடுத்தேன். பழைய 1650 மேசை மேல் இருக்கிறது. 5,000-க்கு ஒருவர் கேட்கிறார். பல்லடத்தில் ஒரு நண்பனின் மகள், கார்டே இல்லாத பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் படிக்கிறாள். தனிக் கேபிள் வேண்டாத கார்டு என்பதால் அவளுக்கு 3,000-க்குக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். பழுதுமேசை அண்ணா, அந்த மெஷினில் இருப்பது 240 வாட் எஸ்எம்பிஎஸ், ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் போட்டிருக்கிறது. 1650 அதில் தாங்குமா?

பழுதுமேசை:

192 வாட் வருகிறது. பிராசசர் 65 வாட் வகை என்றால் தாராளமாகத் தாங்கும். கேபினெட் ஒல்லியானதா என்று மட்டும் பாருங்கள், அப்படி என்றால் உங்கள் கார்டு உள்ளே நுழையாது. உயரத்தை டேப் வைத்து அளந்துவிட்டு அப்புறம் அவளிடம் சொல்லுங்கள்.